காத்தாடி நம்முது, கம்பி யாருது?

ரன்னர் என்றதும் கிரிக்கெட் ஞாபகம் வந்தவர்கள் பாதி சரி. காலில் அடிபட்ட பேட்ஸ்மேனுக்காக இன்னொருத்தர் ஓடுவாரே, அந்த ரன்னர். 2011-ல் சர்வதேச ஆட்டங்களில் அந்த வசதியையே தூக்கிவிட்டார்கள். நான் சொல்லப்போகும் ரன்னர் ஒரு கம்ப்யூட்டர். ஆனால் வேலை ஏறக்குறைய அதேதான். நாம் ஓட வேண்டியதை நமக்காக அது ஓடும். அந்தக் கம்ப்யூட்டரை வாடகைக்கு எடுப்பதா, வீட்டிலேயே ஒன்றை வைத்துக்கொள்வதா என்று ரெண்டு மாசமாக மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன்.

பி.காம் படிக்கிறவனுக்கு இதில் என்ன ஜோலி என்று என் கிளாஸில் கேட்பார்கள். இருக்கிறது. மேனேஜ்மென்ட் அக்கவுண்டிங்கில் "செய்வதா, வாங்குவதா" என்று ஒரு கணக்கு வருமே, பத்து மார்க் கேள்வி, அதை இவ்வளவு உயிரோடு நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

என் மாமாவுக்கு சென்னிமலையில் போர்வை, பெட்ஷீட் வியாபாரம். கடைக்கு பில் போட ஒரு புரோகிராம் வேண்டும் என்றார். அத்தை பையன் இன்ஜினியரிங். அவனுக்கு கோட் எழுதத் தெரியும், எனக்கு ஜிஎஸ்டி தெரியும், ரெண்டு பேருக்கும் காசு கிடையாது. இப்படித்தான் ஆரம்பித்தது.

பில் போடுவதில் என்ன பெரிய வித்தை என்று கேட்கலாம். 2025 செப்டம்பர் 22-க்கு முன்னால், ஒரு பெட்ஷீட் 1000 ரூபாய் வரைக்கும் 5 சதவீதம், அதற்கு மேல் போனால் 12. அந்தத் தேதியிலிருந்து கோடு 2500-க்கு நகர்ந்தது. 2500 வரை 5, தாண்டினால் 18. சரி, ரெண்டு எண்ணை மாற்றினால் முடிந்தது என்று நினைத்தால், செப்டம்பர் 15-ல் 1800 ரூபாய்க்கு வாங்கியவர் அக்டோபரில் வந்து "கலர் புடிக்கலீங்க" என்று திருப்பிக் கொடுக்கிறார். அவருக்குப் போடும் கிரெடிட் நோட்டில் பழைய 12 சதவீதம்தான் வர வேண்டும். அப்புறம் தள்ளுபடி போட்டு 2600 ரூபாய் சரக்கு 2480-க்குப் போனால்? இப்படி ஒவ்வொன்றையும் ஒரு சோதனையாக எழுதி வைத்தோம். 999, 1000, 1001, 2499, 2500, 2501, பழைய தேதி, புதுத் தேதி என்று எழுதி எழுதி நூற்றைம்பதைத் தாண்டிவிட்டது. ஒரு பில்லில் வரி தப்பாகப் போனால் மாட்டுவது புரோகிராம் இல்லை, மாமாதான்.

அத்தனையையும் கோடில் ஒவ்வொரு முறை கை வைக்கும்போதும் ஓட்டிப் பார்க்க வேண்டும். மனுஷன் செய்தால் மூன்றாம் நாள் சலித்துப்போவான். அதனால் மெஷினிடம் விட்டுவிடுவார்கள். கோடை கிட்ஹப் மாதிரி இடத்தில் ஏற்றியவுடன் ஏதோ ஒரு கம்ப்யூட்டர் புதுப் பிரதியை எடுத்து, புரோகிராமைக் கட்டி, எல்லாச் சோதனையையும் ஓட்டி, பச்சையா சிவப்பா என்று சொல்லும். இதற்குத் தொடர் ஒருங்கிணைப்பு என்று பெரிய பெயர். சுருக்கமாக சிஐ. எங்கள் ஊர்க்காரர்களுக்கு எளிதாகப் புரியும். கைத்தறிக் கூட்டுறவுச் சங்கத்தில் நெசவாளர் போர்வையைக் கொண்டுபோய்ப் போட்டால் சும்மா வாங்கி அடுக்க மாட்டார்கள். நீளம் அகலம் அளந்து, எடை போட்டு, லென்ஸ் வைத்து இழை எண்ணிப் பார்த்துத்தான் வரவு வைப்பார்கள். அந்த அளவு மேஜைதான் ரன்னர்.

ஒரு காலத்தில் இந்த மேஜை எல்லோர் வீட்டிலும் சொந்தமாகத்தான் இருந்தது. சன் மைக்ரோசிஸ்டம்ஸில் வேலை பார்த்த கொசுகே கவாகுச்சி எழுதிய ஹட்சன் என்ற மென்பொருளை ஆபீஸ் மூலையில் கிடக்கும் ஒரு கம்ப்யூட்டரில் போட்டு ஓட்டுவார்கள். சன்னை ஆரக்கிள் வாங்கியபின் பெயர்த் தகராறு வந்து, 2011-ல் அது ஜென்கின்ஸ் ஆனது. அதே 2011-ல் பெர்லினில் டிராவிஸ் சிஐ வந்தது. மெஷின் எங்களுது, நீங்கள் கோடு மட்டும் கொடுங்கள், திறமூல மென்பொருளுக்கு ஓசி என்றார்கள். உலகமே அங்கே குடிபோனது. 2019 ஜனவரியில் டிராவிஸை ஐடெரா என்ற கம்பெனி வாங்கியது, 2020 நவம்பரில் விலைமுறை மாறியது, 2021 ஜூனில் அந்த ஓசித் தளத்தையே மூடினார்கள். கிட்லேபும் 2020 அக்டோபரில் இலவச நிமிஷத்தை மாசத்துக்கு 2000-லிருந்து 400 ஆக்கியது. ஓசியில் கிடைக்கும் சர்வர் நேரத்தில் பிட்காயின் மாதிரிக் காசு தோண்டுகிறவர்கள் புகுந்துவிட்டதும் ஒரு காரணம். பந்தியில் உட்கார்ந்து பாத்திரத்தையும் தூக்கிக்கொண்டு போகிறவன் எல்லா ஊரிலும் இருப்பான் போலிருக்கிறது.

இப்போது எங்கள் கணக்குக்கு வருகிறேன். நோட்டை எடுத்துக்கொள்ளவும்.

எங்கள் கோடு தனியார் கோடு, அதாவது ஊருக்குத் திறந்துவிட்டதில்லை. அதற்கு கிட்ஹப்பில் இலவசத் திட்டத்தில் மாசம் 2000 நிமிஷம். எங்கள் சோதனைகள் ஐந்து பிரிவாக ஓடும், ஒவ்வொன்றும் ஒரு நிமிஷம் பத்து விநாடி. ஆனால் கிட்ஹப் ஒவ்வொரு பிரிவையும் அடுத்த முழு நிமிஷத்துக்கு ஏற்றிக் கணக்கெடுக்கும். 1.10 என்பது 2. ஐந்து பிரிவுக்குப் பத்து நிமிஷம். உண்மையில் ஓடியது ஆறு நிமிஷத்துக்கும் குறைவு. ஆட்டோவில் மினிமம் சார்ஜ் மாதிரி. ஆக 2000 நிமிஷத்தில் மாசம் 200 தடவைதான் கோடு ஏற்றலாம். நாங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு நாளைக்கு எட்டுத் தடவை ஏற்றினால் இருபத்தைந்தாம் தேதி தீர்ந்துவிடும். அதற்கு மேல் லினக்ஸ் மெஷினுக்கு நிமிஷம் 0.006 டாலர், இது 2026 ஜனவரியில் குறைத்த விலை. டாலர் 90 ரூபாய் என்று வைத்தால் ஒரு தடவைக்கு 5 ரூபாய் 40 காசு. கூடுதலாக நூறு தடவை என்றால் 540 ரூபாய்.

வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர் கிடக்கிறது. ஏற்கனவே வாங்கியது, மூழ்கிய செலவு, அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று பாடப்புத்தகம் சொல்லும். அது 60 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால் இருபத்து நாலு மணி நேரமும் ஓடினால் மாசம் 43 யூனிட். யூனிட் ஆறு ரூபாய் என்று தோராயமாகப் போட்டால் 260 ரூபாய் பக்கம். 260-ஐ 5.40-ஆல் வகுத்தால் 48. அதாவது மாசம் 48 தடவைக்கு மேல் கூடுதலாக ஏற்றினால் சொந்த மெஷின் லாபம். இதுவே பழைய கம்ப்யூட்டர் இல்லாமல் 15000 ரூபாய்க்குப் புதிதாக வாங்கி மூன்று வருஷத்தில் தேய்மானம் எழுதினால் மாசம் 417 சேர்ந்து, சமநிலைப் புள்ளி 125 தடவைக்குப் போய்விடும்.

இதைப் பெருமையாக மாமாவிடம் காட்டினேன். அவர் பேப்பரைப் பார்க்கவே இல்லை.

"ஏஞ்சாமி, ராத்திரி பகலா அது எதுக்கு ஓடுது? நாம தூங்கறப்ப அது யாருக்குப் பில்லு போடுது?"

அடப்பாவமே என்று இருந்தது, கேள்வி அவ்வளவு சரியாக இருந்ததால். 200 தடவைக்கு உண்மையில் ஓடும் நேரம் இருபது மணிக்கும் குறைவு. மாசத்துக்கு 720 மணி நேரம். மீதி எழுநூறு மணி நேரம் மெஷின் சும்மா உட்கார்ந்து கரண்ட் குடிக்கிறது. பாவு தீர்ந்த தறியை யாரும் ஓடவிட மாட்டார்கள். சாயங்காலம் நாலு மணி நேரம் மட்டும் போட்டால் 7 யூனிட் சொச்சம், 43 ரூபாயோடு போகும்.

அதைவிடச் சுவாரசியமான ஒன்று மாப்ள கண்டுபிடித்தான். ஐந்து பிரிவையும் ஒன்றாகச் சேர்த்து ஓட்டினால் 5 நிமிஷம் 50 விநாடி. பில்லில் 6 நிமிஷம். பத்து ஆறாகிவிட்டது! 2000 நிமிஷத்தில் 333 தடவை. முடிவு தெரியக் கூடுதலாக நாலைந்து நிமிஷம் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். டீ குடிக்கிற நேரம். மெஷினே வாங்காமல் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. வாடகையா சொந்தமா என்று சண்டை போடுகிறவர்களில் பாதிப் பேர் முதலில் இதைப் பார்க்கலாம்.

அப்படியானால் சொந்த ரன்னர் வேண்டாமா? காசை மட்டும் பார்த்தால் எங்களுக்கு வேண்டாம். ஆனால் காசில் வராத ரெண்டு விஷயம் இருந்தது.

ஒன்று, தமிழ். பில்லில் பெயர், ஊர் எல்லாம் தமிழில் வர வேண்டும் என்பது மாமாவின் கட்டளை. வீட்டுக் கம்ப்யூட்டரில் சோதனை ஓடியபோது எல்லாம் பச்சை. அதே கோடு வாடகை ரன்னரில் ஓடியபோது பில் முழுக்கச் சின்னச் சின்னக் கட்டம். காரணம் எளிது. வீட்டு மெஷினில் தமிழ் எழுத்துரு எப்போதோ போட்டது அப்படியே கிடக்கிறது. வாடகை ரன்னர் ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பிறந்து, வேலை முடிந்ததும் செத்துப்போகும். அதில் நாம் முன்னால் போட்டுவைத்த எதுவும் இருக்காது. கடையில் புதுக் கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டாலும் அதே கட்டம்தான் வந்திருக்கும். எழுத்துருவைப் புரோகிராமோடு சேர்த்துக் கட்ட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தது அந்த வாடகை மெஷின். சொந்த ரன்னரில் பழைய சாமான் சேரும், சேர்ந்தது தப்பை மறைக்கும். இதற்கு விலை போட முடியாது, ஆனால் வாடகைப் பக்கத்துக்கு என் கணக்கில் பெரிய வரவு.

ரெண்டு, பிரிண்டர். கடையில் இருக்கும் தெர்மல் பிரிண்டரில் பில் வெட்டுப்படாமல் வருகிறதா என்று கிட்ஹப்பின் மெஷின் எப்படிச் சொல்லும்? அது எந்த நாட்டில் இருக்கிறதோ. பிரிண்டர் சென்னிமலையில் இருக்கிறது. இதற்குக் கடைக் கம்ப்யூட்டரையே ரன்னராக்குவதைத் தவிர வழியில்லை. இது சொந்தத்தின் வரவு.

பாதுகாப்பு என்றதும் எல்லோரும் "நம் வீட்டில் இருந்தால் பத்திரம்" என்று ஆரம்பிப்பார்கள். அப்படியெல்லாம் இல்லை. பைடார்ச் என்று செயற்கை நுண்ணறிவுக்காரர்கள் எல்லோரும் பயன்படுத்தும் திறமூல மென்பொருள் இருக்கிறது. 2023-ல் ஜான் ஸ்டாவின்ஸ்கி, அட்னான் கான் என்ற ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் அதில் ஒரு சின்ன எழுத்துத் திருத்தத்தை அனுப்பி ஏற்கவைத்தார்கள். ஒருமுறை திருத்தம் ஏற்கப்பட்டால் அடுத்தமுறை அனுமதி கேட்காமலே அவர்கள் கோடு பைடார்ச்சின் சொந்த ரன்னரில் ஓடும். அந்த ஓட்டை வழியாக உள்ளே போய்க் காட்டினார்கள். நல்லவர்களாக இருந்ததால் 2024 ஜனவரியில் முறையாக வெளியிட்டார்கள். ஊருக்குத் திறந்த கோடுக்குச் சொந்த ரன்னர் வைக்காதே என்று கிட்ஹப்பின் கையேடே சொல்கிறது. வாடகைப் பக்கமும் ஒழுங்கில்லை. சர்க்கிள்சிஐ நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் லேப்டாப்பில் திருட்டு மென்பொருள் புகுந்து, 2023 ஜனவரி 4-ஆம் தேதி வாடிக்கையாளர் எல்லோரையும் "எங்களிடம் வைத்த சாவியை எல்லாம் மாற்றிக்கொள்ளுங்கள்" என்று சொல்ல வேண்டி வந்தது. இந்த விஷயத்தில் என் தீர்ப்பு: சமம். நகர்ந்துவிடலாம்.

நகர முடியாத விஷயம் 2025 டிசம்பர் 16-ஆம் தேதி வந்தது. அன்றைக்கு கிட்ஹப் ஒரு அறிவிப்பு விட்டது. வாடகை ரன்னர் விலையைக் குறைக்கிறோம், நல்ல செய்தி. கூடவே, 2026 மார்ச்சிலிருந்து நீங்கள் சொந்த மெஷினில் ஓட்டினாலும் தனியார் கோடுக்கு நிமிஷத்துக்கு 0.002 டாலர் கட்ட வேண்டும்.

மெஷின் என்னுது. கரண்ட் என்னுது. இன்டர்நெட் என்னுது. நிமிஷத்துக்குக் காசு உங்களுக்கா?

உலகம் முழுக்கக் கத்தினார்கள். அடுத்த நாளே சொந்த ரன்னர் கட்டணத்தைத் தள்ளிவைக்கிறோம், மறுபரிசீலனை செய்கிறோம் என்று பின்வாங்கிவிட்டார்கள். விலைக்குறைப்பு மட்டும் நடந்தது. ஆனால் அந்த ஒரு நாள் போதும், யார் கையில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள. எனக்கு அது புதுசாகவும் தெரியவில்லை. கொங்கு நாட்டில் இந்தக் கதையை முப்பது வருஷமாக ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

பல்லடம், உடுமலை பக்கம் பஸ்ஸில் போயிருந்தால் பார்த்திருப்பீர்கள். தென்னந்தோப்புக்கு மேலே வரிசையாகக் காத்தாடிகள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. தெற்கே போனால் முப்பந்தல், ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று. இதில் நிறையக் காத்தாடிகள் எங்கள் பக்கத்து நூற்பாலைக்காரர்கள் போட்டவை. மின்வாரியத்தை நம்பி மில் ஓட்ட முடியாது, யூனிட் விலையும் ஏறிக்கொண்டே போகிறது, நாமே கரண்ட் தயார் பண்ணிக்கொள்வோம் என்று கடன் வாங்கிப் போட்டார்கள். செய்வதா வாங்குவதா கணக்கில் "செய்" என்று விடை எழுதியவர்கள்.

ஆனால் முப்பந்தலில் சுற்றும் காத்தாடியிலிருந்து கோயமுத்தூர் மில்லுக்கு யாரும் தனிக் கம்பி இழுக்கவில்லை. அங்கே வாரியத்தின் கம்பியில் ஊற்றுவார்கள், இங்கே வாரியத்தின் கம்பியில் மொண்டுகொள்வார்கள். நடுவில் வாரியம் மீட்டர் பார்த்து வரவு செலவு எழுதும். அதற்குக் கட்டணம் உண்டு. காற்று மே மாசத்திலிருந்து செப்டம்பர் வரைக்கும்தான் பேய்க்காற்று, மில்லுக்கோ வருஷம் பூரா கரண்ட் வேண்டும். அதனால் அதிகமாக வந்த யூனிட்டை பேங்க்கில் போடுவது மாதிரி வாரியத்தின் கணக்கில் போட்டுப் பிறகு எடுத்துக்கொள்ளும் வசதியும் இருந்தது. அதற்கும் கட்டணம். அந்தக் கட்டணம் எவ்வளவு, எத்தனை மாசம் வைத்திருக்கலாம், யார் வைக்கலாம் என்று ஒவ்வொரு ஆணை வரும்போதும் மில்காரர்கள் ஒழுங்குமுறை ஆணையத்துக்கும் கோர்ட்டுக்கும் நடந்தார்கள். காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கும் நாளில், கிரிட் தாங்காது, நிறுத்து என்று சொல்லிக் காத்தாடியைச் சும்மா நிறுத்திவைத்த காலமும் உண்டு. 2012 வாக்கில் எங்கள் பக்கம் தினம் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் போன நாட்களில் நான் சின்னப்பையன். காத்தாடி எத்தனை இருந்தாலும் கம்பியில் கரண்ட் இல்லாவிட்டால் இருட்டுதான் என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

சொந்த ரன்னரும் அப்படியே. மெஷின் நம் வீட்டில் சுற்றுகிறது. ஆனால் எப்போது ஓட வேண்டும், எந்தக் கோடை ஓட வேண்டும், முடிவை எங்கே எழுத வேண்டும் என்பதெல்லாம் கிட்ஹப் சொல்ல வேண்டும். கிட்ஹப் படுத்தால் நம் மெஷினும் கை கட்டி உட்கார்ந்திருக்கும். சொந்தம் என்று நாம் சொல்வது காத்தாடியை மட்டும். கம்பி அவர்களுது.

நியாயமாகப் பேசினால் கம்பிக்குக் காசு கேட்பது தப்பில்லை. கிட்ஹப் சொன்ன வாதமும் அதுதான்: இவ்வளவு நாள் சொந்த மெஷின்காரர்களுக்கு ஆன செலவை வாடகை மெஷின்காரர்கள் கட்டிய விலைதான் தாங்கியது. குறுக்கு மானியம் என்று நாங்கள் படிப்பது இதைத்தான். எனக்கு உறுத்தியது காசு இல்லை, நிமிஷம். செலவை எது உண்டாக்குகிறதோ அதை வைத்துத்தான் கட்டணம் போட வேண்டும் என்று காஸ்டிங்கில் சொல்லிக்கொடுக்கிறார்கள். என் பழைய கம்ப்யூட்டர் ஒரு வேலையை ஆறு நிமிஷம் செய்தாலும் அறுபது நிமிஷம் செய்தாலும் கிட்ஹப்புக்கு ஆகும் செலவு பத்து மடங்காகிவிடாது. வேலையைக் கொடுக்கிறார்கள், லாகை வாங்கி வைக்கிறார்கள். வேலைக்கு இவ்வளவு, வைக்கும் லாகுக்கு இவ்வளவு என்று கேட்டிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். நிமிஷத்துக்கு என்றால் மெதுவான பழைய மெஷின் வைத்திருக்கும் ஏழைக்குத்தான் பில் அதிகம். மில்காரர் கட்டுவதில் ஒரு பகுதியாவது கம்பியில் எத்தனை யூனிட் போகிறதோ அதை வைத்து வருகிறது. இங்கே கம்பியில் போகாததற்கும் கணக்கு.

கம்பியையும் சேர்த்துச் சொந்தமாக்கிக்கொள்ள முடியாதா? முடியும். பழைய ஜென்கின்ஸ் இன்னும் இருக்கிறது. ஃபோர்ஜெயோ என்று ஒன்று இருக்கிறது, கோடு வைக்கும் இடமும் ரன்னரும் ரெண்டுமே நம் மெஷினில் ஓடும், சுதந்திர மென்பொருள். தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் ஆபீஸ் போட்ட ஜோஹோ, டேட்டா சென்டரைக்கூட சொந்தமாக வைத்திருக்கிறது, யாருடைய கிளவுடையும் நம்பியில்லை. ஆனால் அவர்கள் நூற்பாலை. நாங்கள் ஒத்தைக் கைத்தறி. மெஷின் படுத்தால் எழுப்ப, பேக்கப் எடுக்க, ஓட்டை அடைக்க எங்கள் ரெண்டு பேரைத் தவிர ஆள் இல்லை, எங்களுக்கு செமஸ்டர் வேறு இருக்கிறது. அந்த நேரத்துக்குக் கூலி போட்டால் மேலே எழுதிய 260 ரூபாய்க் கணக்கெல்லாம் சிரிக்கும்.

அதனால் இப்படி முடிவு செய்தோம். வரிச் சோதனைகள், தமிழ் எழுத்துச் சோதனைகள் எல்லாம் வாடகை ரன்னரில், ஒரே பிரிவாக, இலவச நிமிஷத்துக்குள். பிரிண்டர் சோதனை மட்டும் கடைக் கம்ப்யூட்டரில், கடை திறந்திருக்கும்போது. அதில் ஓடும் ரன்னருக்குத் தனி லாகின், பில் இருக்கும் ஃபோல்டர் பக்கம் அதற்கு அனுமதி கிடையாது. இன்னொரு நிபந்தனை நான் போட்டேன்: சோதனையை ஓட்டும் கட்டளை முழுக்க எங்கள் கோடுக்குள்ளேயே ஒரு சின்ன ஸ்கிரிப்டாக இருக்க வேண்டும், கிட்ஹப்பின் கோப்பில் அந்த ஸ்கிரிப்டைக் கூப்பிடும் ரெண்டு வரி மட்டும். நாளைக்குக் கம்பிக்காரர் மறுபடி விலை சொன்னால் அந்த ரெண்டு வரியை மட்டும் வேறு இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போகலாம்.

ஸ்கிரிப்டை மாப்ள எழுதி முடித்துவிட்டான். நூற்று ஐம்பத்து ஏழு சோதனை, 5 நிமிஷம் 40 விநாடி. பிரிண்டர் சோதனை ஓடும்போதெல்லாம் ஒரு முழு நீளப் பில் வந்து விழுகிறது, பேப்பர் ரோல் செலவை யார் கணக்கில் எழுதுவது என்று மாமா கேட்டிருக்கிறார்.